கம்பெனி பஸ்ஸுக்குக் கை காட்டற கதை

இன்ஜினியரிங் காலேஜ்ல தமிழ் டீச்சரா இருக்கிறதுன்னா என்னன்னு நெனைக்கிறீங்க? முதல் வருஷப் பிள்ளைங்களுக்கு வாரத்துல ரெண்டு வகுப்பு. அதுலயும் பாதிப் பேர் அடுத்த பீரியடுக்கான ரெக்கார்டு எழுதிக்கிட்டு இருப்பாங்க. மிச்ச நேரமெல்லாம் பேனர்ல ஒற்றுப்பிழை பாக்கணும், பொங்கல் விழாவுக்குக் கோலம் போட ஆள் பிடிக்கணும், வாழ்த்துப் பாடற பொண்ணுக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னா வேற பொண்ணைத் தேடணும். செங்கல்பட்டுல இருந்து மறைமலைநகர் போற வழியில இருக்கிற காலேஜ் அது. சேந்த நாள்ல இருந்து என்கிட்ட ஒருத்தரும் ஒரு விஷயத்துக்கு யோசனை கேட்டதில்ல, வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கும்போது தவிர.

அதனாலதான் கம்ப்யூட்டர் துறைத் தலைவர் ஸ்டாஃப் ரூம் வரைக்கும் என்னைத் தேடிக்கிட்டு வந்தப்ப எனக்குத் தலைகால் புரியல. அவருக்கு ஒரு ஆராய்ச்சித் திட்டம் கிடைச்சிருந்துச்சு. நம்ம பக்கத்துப் பேச்சுல வர்ற தொடர்களைக் கம்ப்யூட்டர் தானாவே கண்டுபிடிக்கணும். "நீங்க இல்லாம இது நடக்காது மேடம்"னார். எவ்வளவு நாளா யாராவது அப்படிச் சொல்வாங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்னு அவருக்கு எங்க தெரியும்.

விஷயம் ரொம்ப சுலபமானதுதான். சில வார்த்தைங்க தனித்தனியா வந்தா ஒண்ணு, சேந்து வந்தா வேற ஒண்ணு. 'கம்பி நீட்டிட்டான்'னா அங்க கம்பியும் இல்ல, நீட்டறதும் இல்ல. 'அல்வா குடுத்துட்டான்', 'டிமிக்கி குடுத்துட்டான்', 'பல்பு வாங்கிட்டேன்', எல்லாம் அப்படித்தான். நமக்கு இதெல்லாம் பொறந்ததுல இருந்து காதுல விழுந்து விழுந்து தெரியும். மெஷினுக்கு எப்படித் தெரியும்? அதுக்குத் தெரிஞ்ச ஒரே வேலை எண்ணறது. ஜனங்க பேசற பேச்சையெல்லாம் எழுத்தாக்கிக் கொட்டி வெச்சா, எந்த வார்த்தை எந்த வார்த்தையை விடாம ஒட்டிக்கிட்டே வருதுன்னு எண்ணிப் பாக்கும். தற்செயலா சேர்றதை விட அதிகமா சேந்து வந்தா, இது ஒரு கட்டுன்னு எடுத்து நீட்டும். அந்தப் பேச்சுக் கிடங்குக்குத் தரவகம்னு பேரு. அந்தப் பேச்சைக் கொண்டு வந்து கொட்டற வேலை எனக்கு.

முதல் கூட்டத்துல சார் விளையாட்டா ஒண்ணு கேட்டார். "நம்ம ஊர்ல 'வர்ற வாரம் பாக்கலாம்'னா என்ன அர்த்தம் மேடம்?"

"முடியாதுன்னு அர்த்தம் சார். ஆனா சொன்னவங்க நல்லவங்களாவே இருந்துக்கலாம்"னேன்.

எல்லாரும் கை தட்டிச் சிரிச்சாங்க. ஒருத்தர் அதை அப்படியே போர்டுல எழுதி வெச்சார். என் சமத்தை நெனச்சு நானே பூரிச்சுப் போயிட்டேன்.

பேச்சு சேக்க நான் ஊர் ஊரா அலைய வேண்டியிருக்கல. சதுரங்கப்பட்டினத்துல எங்க அக்கா இருக்கா. அங்கதான் அவளைக் கட்டிக் குடுத்தாங்க. மாமா போய்ச் சேந்துட்டார். பையன் வெளிநாட்டுல வெல்டிங் வேலை பாக்கறான். அக்கா கல்பாக்கம் டவுன்ஷிப்ல ரெண்டு வீட்டுல சமையல் பண்றா. வாயைத் திறந்தா லேசுல மூடமாட்டா. எங்க வீட்டுப் பேச்சு, நான் காலேஜ் வாசல்ல செருப்பு மாதிரி கழட்டி விட்டுட்டு உள்ள போற பேச்சு, அவகிட்டதான் சேதாரமில்லாம இருக்கு. பக்கத்து வீட்டுல மீன் விக்கிற பொண்ணு ஒண்ணு, அக்காவை விடச் சின்னது, 'யக்கா யக்கா'ன்னுக்கிட்டு எந்நேரமும் அங்கதான் கிடக்கும். ரெண்டு பேரும் சேந்தா எனக்கு வேண்டியது மூட்டை மூட்டையா கிடைக்கும்னு தெரியும்.

இந்த வேலையில ஒரு விதி இருக்கு. பதிவு பண்றவங்க பக்கத்துல உக்காந்தா ஆளுங்க பேச்சு மாறிடும். படிச்சவ ஒருத்தி கேட்டுக்கிட்டிருக்கான்னா 'இன்னா' போய் 'என்ன' வந்துடும், 'வூடு' வீடாயிடும். அதனால ரெக்கார்டரை ஆன் பண்ணி வெச்சுட்டு எழுந்து போயிடணும். நான் அதை ரொம்ப ஒழுங்கா கடைப்பிடிச்சேன். ஞாயித்துக்கிழமை போவேன். ரெக்கார்டரை அரிசி டப்பா மேல வெப்பேன். டச்சுக்காரன் கோட்டைப் பக்கம் ஒரு நடை நடந்துட்டு, கடற்கரையில உக்காந்து போன் பாத்துட்டு, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வருவேன். அக்கா வெச்ச மீன் குழம்பை ஒரு பிடி பிடிச்சுட்டு, ரெக்கார்டரைப் பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறிடுவேன். நெனச்சுப் பாருங்க, அக்கா வீட்டுக்குப் போயிட்டு அக்காவோட பேசாம வர்றதுக்கு எனக்கு ஒரு விதியே கிடைச்சிருந்துச்சு.

மறைச்சு ஒண்ணும் எடுக்கல. முதல் தடவையே சொல்லிட்டுத்தான் வெச்சேன்.

"நாங்க பேசறத எடுத்துக்கினு போயி இன்னாடி பண்ணப் போற?"

"ஆராய்ச்சிக்கா. உன் பேரெல்லாம் வராது. பேர் வர்ற இடத்தையெல்லாம் வெட்டிடுவாங்க."

"பேரு வந்தா வந்துட்டுப் போவுது. எனுக்கு இன்னா பயம்? நீ உக்காந்து கேப்ப இல்ல?"

"கேக்காம பின்ன?"

கேக்கல. ஒரு நாளும் கேக்கல. ரெக்கார்டரைக் கொண்டு போய் அப்படியே காலேஜ்ல பசங்ககிட்டக் குடுத்துடுவேன். அவங்கதான் காதுல மாட்டிக்கிட்டுக் கேட்டு எழுதுவாங்க, பேர் வந்தா வெட்டுவாங்க. "வெட்டறதுக்குப் பேரே இல்ல மேடம்"னு ஒரு நாள் வந்து சிரிச்சாங்க. உண்மைதான். எங்க ஜனங்கள்ல யாரு பேர் சொல்லிக் கூப்பிடறாங்க? அக்கா, தங்கச்சி, மாமா, யம்மா, இன்னாடி, அவ்ளோதான். உறவுமுறையை வெட்டணும்னு எங்க விதியில எழுதல. தெரிஞ்சவங்க காதுல விழுந்தா ஒரு வார்த்தையில ஆளைக் காட்டிக் குடுக்கிறது அதுதான்னு எங்க யாருக்கும் உறைக்கவும் இல்ல.

அந்த ஞாயித்துக்கிழமைங்கள்லயே ஒரு நாள் அக்கா என்னை பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டு விட வந்தா. வழியில ரெண்டு தடவை நின்னா. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டுச் சொன்னா.

"மாசம் திரும்பறதுக்குள்ள மறுபடி தூரமாயிடறேன்டி. ஆயிட்டா நிக்க மாட்டேங்குது. அடிவயித்துல கல்ல வெச்ச மாதிரியே கீது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரில போயி ஸ்கேன் எடுக்கச் சொல்லி இங்க டாக்டரம்மா எழுதிக் குடுத்துட்டாங்க. எனுக்கு அங்க எந்தப் பக்கம் நுழைஞ்சி எந்தப் பக்கம் வர்றதுன்னே தெரியாது. இங்கிலீஷ்ல எதனா கேட்டா பேஜாரு. ஒரு நாளு நீ கூட வாயேன்."

என் வீட்டுல இருந்து பெரியாஸ்பத்திரி நடந்து போற தூரம். காலைல காய்கறிக்குப் போறப்ப அந்த வாசலைத் தாண்டித்தான் போவேன்.

"வர்ற வாரம் பாக்கலாம்க்கா"ன்னேன்.

வர்ற வாரம் இன்டர்னல் பரீட்சை. அதுக்கு அடுத்த வாரம் ஆய்வுக்குழு வர்றாங்கன்னு காலேஜே ஒட்டடை அடிச்சுக்கிட்டிருந்துச்சு. அக்கா போன்ல மறுபடி கேட்டா. அப்புறம் இன்னொரு தடவை கேட்டா. அப்புறம் கேக்கறதை நிறுத்திட்டா. வலி குறைஞ்சிருக்கும், இல்லன்னா சொல்லியிருப்பாளேன்னு நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனச்சுக்கிறது எனக்கு வசதியா இருந்துச்சு, அதான் நெஜம்.

பதிவு வேலை முடிஞ்சதும் நான் சதுரங்கப்பட்டினம் பக்கம் போறதும் நின்னு போச்சு. அதுக்கப்புறம் ஒரு நாள் மெஷின் எண்ணி முடிச்சு, முதல் முடிவுகளைத் துப்புச்சு. ஸ்க்ரீன்ல மேல மேல வந்ததெல்லாம் தெரிஞ்ச சமாச்சாரம்தான். நடுவுல ஒண்ணைப் பாத்துட்டு சார் நாற்காலியை விட்டே எழுந்துட்டார். 'கம்பெனி பஸ்ஸுக்குக் கை காட்டு'. அத்தனை தடவை வந்திருக்கு, ஆனா எந்த அகராதியிலயும் இல்ல. "மேடம், இது இந்தப் பக்கத்துக்கே உரிய தொடர் போலிருக்கே! கேள்விப்பட்டிருக்கீங்களா?"

கேள்விப்பட்டிருக்கேனாவா! அது பொறந்த இடத்துலயே நான் நின்னுக்கிட்டிருந்தேன். எங்க ஊரு மறைமலைநகர்ல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி. அப்பா அம்மா கூலிக்குப் போன நிலமெல்லாம் கம்பெனி காம்பவுண்டு ஆன சமயம். ஸ்கூலுக்குப் போறதுக்கு நானும் அக்காவும் டவுன் பஸ்ஸுக்கு நிப்போம். டவுன் பஸ் வந்து தொலையாது. கம்பெனி பஸ் மட்டும் ஒண்ணு பின்னாடி ஒண்ணு போய்க்கிட்டே இருக்கும், ஷிப்டு இறக்கி விட்டுட்டு காலியா. அக்கா ஒவ்வொண்ணுக்கும் கை காட்டுவா. நாலு பேர் பாக்கறாங்களேன்னு நான் அவ கையைப் பிடிச்சுக் கீழ இழுப்பேன். "நின்னாலும் நிக்கும்டி, உனுக்கு இன்னா தெரியும்"பா. ஒண்ணு கூட நின்னதில்ல. கேட்டும் பிரயோஜனமில்லாத ஆள்கிட்டப் போய்க் கேக்கறதுக்கு அவ வெச்ச பேர்தான் அது. அம்மா சொன்னதில்ல, நான் சொன்னதில்ல, ஊர்ல ஒருத்தரும் சொன்னதில்ல. அவ ஒருத்தி வாய்ல இருந்துதான் அத்தனை தடவையும் வந்திருந்துச்சு.

இந்தத் தொழில்ல சின்னப் பிள்ளைங்களுக்கே முதல்ல சொல்லிக் குடுக்கிறது இதுதான். ஒரு தொடர் எத்தனை தடவை வந்துச்சுன்னு மட்டும் பாக்காத, எத்தனை வாய்ல இருந்து வந்துச்சுன்னு பாரு. ஒரே ஆள் ஓயாம சொன்னா அது ஊர்ப்பேச்சு இல்ல, அந்த ஆளோட பேச்சு. ஆனா ரகசியம் காக்கறோம் பேர்வழின்னு, யார் பேசினாங்கற குறிப்பைக் கூட நாங்க சுத்தமா துடைச்சு வெச்சிருந்தோம். அதனால சாருக்குத் தெரிய வழியே இல்ல. எனக்குத் தெரியும். சொல்லியிருக்கணும்.

"எங்க பக்கம் சொல்றதுதான் சார்"னேன்.

அவ்ளோதான், நான் பெரிய ஆளாயிட்டேன். தமிழ் மேடம் கண்டுபிடிச்ச தொடர்னு பேராயிடுச்சு. காரிடார்ல எதிர்ல வர்றவங்கல்லாம் "என்ன மேடம், கம்பெனி பஸ் நின்னுச்சா?"ன்னு கேப்பாங்க. மெக்கானிக்கல் துறைக்காரர் கூடக் கேட்டார், அதுவரைக்கும் எனக்கு அவர் குட் மார்னிங் சொன்னதில்ல. மாமல்லபுரத்துல கடற்கரை ஓட்டல் ஒண்ணுல கருத்தரங்கு வெச்சாங்க. நாலஞ்சு ஊர்ல இருந்து ஆளுங்க வந்தாங்க. அந்தத் தொடரைப் பத்தி மேடையேறி நான்தான் பேசணும்னு சார் சொல்லிட்டார். கல்யாணத்துக்குக் கட்டற பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கிட்டுப் போனேன்.

ஏசி ஹால். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல் சத்தமே இல்லாம அடிச்சுக்கிட்டிருந்துச்சு. நான் நல்லாத்தான் பேசினேன். தொழிற்சாலைங்க வந்ததும் ஜனங்க பேச்சுல என்னென்ன புதுசா முளைச்சுச்சுன்னு விளக்கினேன். நிக்காத பஸ்ஸைப் பத்திச் சொன்னப்ப ஹாலே சிரிச்சுச்சு. கடைசியில, "இப்ப இதை ஒரு பேச்சாளர் குரல்லயே கேளுங்க"ன்னு பட்டனை அழுத்தினேன். சத்தம் தெளிவா இருக்கிற துண்டா பாத்துப் பசங்க போட்டு வெச்சிருந்தாங்க. எந்தத் துண்டுன்னு நான் முன்னாடி கேட்டுப் பாக்கல.

முதல்ல வந்தது மீன்காரப் பொண்ணோட குரல். "ஏன்க்கா, உன் தங்கச்சி செங்கல்பட்டுலதான கீது? பெரியாஸ்பத்திரி பக்கத்துலயே வூடுன்னு சொன்ன. ஒரு வார்த்த சொன்னா இஸ்துகினு போவாதா?"

அப்புறம் எங்க அக்கா. ஸ்பீக்கர்ல அவ குரல் ஹால் முழுக்க நெறைஞ்சுச்சு.

"சொல்லாமயா கீறேன்? எந்தங்கச்சிகிட்ட கேக்கறது கம்பெனி பஸ்ஸுக்குக் கை காட்டற கததான்டி. உள்ள சீட்டெல்லாம் காலியாத்தான் கீது. ஆனா நிக்காது. இங்க ஒருத்தி ரத்தமா போயி சாவறா, அவ வாரா வாரம் வந்து மீனத் துன்னுட்டு, பாக்கலாம் பாக்கலாம்னுகினு போறா."

கைத்தட்டல்னா கைத்தட்டல், அப்படி ஒரு கைத்தட்டல். எனக்குக் காது அடைச்சுக்கிச்சு. முன் வரிசையில ஒரு பெரியவர், வேற பல்கலைக்கழகத்துல இருந்து வந்தவர், மைக்கை வாங்கிக்கிட்டார். "அருமையான எடுத்துக்காட்டு. இதை எத்தனை பேர் சொல்றாங்க?"

"அந்தப் பக்கமெல்லாம் பரவலா சொல்வாங்க சார்."

"அந்தத் தங்கச்சியை என்னமா வாங்கு வாங்குறாங்க! யாரு அந்த அம்மா? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"அடையாளம் சொல்லக்கூடாதுங்க சார், விதி இருக்கு. கடலோரத்துல ஒரு பெண்மணி. எனக்குத் தெரியாது"ன்னேன்.

கூசாம சொன்னேன். கூட ஒரு சிரிப்பு வேற சிரிச்சேன். வெக்கம்னா அப்படி ஒரு வெக்கம், உடம்பெல்லாம் தீ வெச்ச மாதிரி எரிஞ்சுச்சு. ஆனா எதுக்கு வெக்கப்பட்டேன்னு சொன்னா நீங்க காறித் துப்புவீங்க. அந்தத் தங்கச்சி நான்தான்னு இத்தனை பேர்ல யாராவது கண்டுபிடிச்சுடுவாங்களோன்னுதான் முதல்ல வெக்கப்பட்டேன். 'ரத்தமா போயி சாவறா'ங்கறது அதுக்கப்புறம்தான் எனக்குக் கேட்டுச்சு, சாப்பாட்டுக் கூடத்துல பாயசக் கிண்ணத்தைக் கையில வெச்சுக்கிட்டு நின்னப்ப. கிண்ணத்தை அப்படியே ஜன்னல் ஓரமா வெச்சுட்டு, சார்கிட்டக் கூடச் சொல்லாம வெளிய வந்து கல்பாக்கம் பஸ் ஏறினேன்.

அக்கா வீட்டுக் கதவு ஒருக்களிச்சு சாத்தியிருந்துச்சு. அவ கட்டில்ல சாஞ்சு உக்காந்து மடியில முறத்தை வெச்சுக்கிட்டு முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தா. கழுத்தெலும்பு தெரியுற அளவுக்கு இளைச்சிருந்தா. மீன்காரப் பொண்ணு அடுப்புக்கிட்ட இருந்துச்சு.

"இன்னாடி, சொல்லாம கொள்ளாம? பட்டுப்பொடவலாம் கட்டிக்கினு வந்துகீற. எங்கனா கல்யாணமா?"

"ஸ்கேன் எடுத்தியாக்கா?"

"அதெல்லாம் எடுத்தாச்சு. கர்ப்பப்பைல கட்டி கீதாம். பையவே எடுத்துடணும்னு தேதி குடுத்துட்டாங்க. இவதான் யாவாரத்த வுட்டுட்டு என்ன இஸ்துகினு அலைஞ்சா. உன் வூட்டு வழியாதான் போனோம். பூட்டிகினு கீதுன்னு வந்துட்டோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

என் வாய்க்கு இருக்கிற கொழுப்பைப் பாத்தீங்களா! அக்கா கோவப்படல. கோவப்பட்டு நாலு அறை அறைஞ்சிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். கீரை ஆயறதை நிறுத்திட்டு என்னையே பாத்தா.

"உனுக்குதான்டி சொன்னேன். நேர்ல சொன்னா தள்ளிக்கினே போற. போன்ல சொன்னா வேல கீதுன்ற. அந்தப் பொட்டில பேசினா உக்காந்து கேப்பேன்னு நீதான சொன்ன? சரி, அதுலனா சொல்வோம்னு சொன்னேன். உனுக்கு ஒறைக்கட்டும்னு கொஞ்சம் காரமாவே சொன்னேன். இவ கூட கேட்டா, இன்னாக்கா இப்டி பேசறன்னு. கேட்டுட்டு ஓடியாருவா பாருடின்னேன். அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமலாம் வஞ்சிரம் வாங்கி வெச்சிகினு வாசல்லயே உக்காந்துகினு இருந்தேன்."

என்னால அவ முகத்தைப் பாக்க முடியல. தரையைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

"கேக்கவே இல்லியா நீ?"

"இன்னிக்குத்தான்க்கா கேட்டேன்."

"இன்னிக்கா?" அவளுக்கு நெஜமாவே புரியல. "அப்ப அத்த வேற யாருதான் கேட்டாங்க?"

ஒரு ஹால் நெறைய ஆளுங்க கேட்டாங்கக்கா, கைத்தட்டினாங்கன்னு எப்படிச் சொல்வேன். நல்ல வேளையா அந்தப் பொண்ணு ஒரு டம்ளர் டீயைக் கொண்டாந்து என் பக்கத்துல வெச்சுச்சு. "குடி டீச்சரு, வெயில்ல வந்துகீற"ன்னுச்சு. அது என்னை எப்பவும் டீச்சருன்னுதான் கூப்பிடும். அதுவரைக்கும் அந்தப் பொண்ணை நான் நேருக்கு நேரா ஒரு நிமிஷம் பாத்ததில்ல. அன்னிக்கும் பாக்கத் தைரியம் வரல.

"ஆபரேஷனுக்கு நான் லீவு போட்டுடறேன்க்கா. முழுசா நான்தான் கூட இருப்பேன். பரீட்சை, கிரீட்சை எது வந்தாலும் வருவேன்"னேன்.

அக்கா சிரிச்சா. குத்தலா சிரிக்கல, எப்பவும் சிரிக்கிற மாதிரிதான் சிரிச்சா. "சரிடி. பாக்கலாம்"னா.

பஸ் ஸ்டாப்ல நின்னுக்கிட்டே சாருக்குப் போன் போட்டேன். அந்தத் தொடரை எடுத்துடுங்க, அது ஊர்ப்பேச்சு இல்ல, ஒரே ஒரு ஆளோட பேச்சுன்னேன்.

"ஒரே ஆளா? யாரு மேடம் அது?"

"எங்க அக்கா சார்."

"அப்ப அந்தத் தங்கச்சி..."ன்னு ஆரம்பிச்சவர் அதோட நிறுத்திக்கிட்டார். மனுஷன் நாகரிகம் தெரிஞ்சவர். தொண்டையைச் செருமிக்கிட்டு, "கட்டுரை அனுப்பியாச்சே மேடம். அடுத்த பதிப்புல திருத்திக்கலாம், பாக்கலாம்"னார். மறுநாள்ல இருந்து காரிடார்ல யாராவது கம்பெனி பஸ்னு ஆரம்பிச்சா, நான் வேற பக்கம் திரும்பிக்குவேன். அவங்க என்னமோ பெருமையில தலை கனத்துப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டாங்க.

ஆபரேஷன் அன்னிக்கு நான் லீவு போட்டேன். விடியறதுக்கு முன்னாடியே எழுந்து இட்லி வெச்சேன், ஃப்ளாஸ்க்குல பால் ஊத்திக்கிட்டேன், ஒரு புதுத் துண்டும் போர்வையும் எடுத்துக்கிட்டேன். பெரியாஸ்பத்திரி வாசல்ல ஆறு மணிக்கே போய் நின்னேன். அவங்க முதல் பஸ்ஸுலயே வந்து உள்ள போயிட்டாங்கன்னு அங்க நின்ன பிறகுதான் தெரிஞ்சுச்சு. விசாரிச்சு விசாரிச்சு வார்டுக்குப் போனேன். எந்தப் பக்கம் நுழைஞ்சு எந்தப் பக்கம் வர்றதுன்னு எனக்கும்தான் தெரியல.

அக்காவுக்குப் பச்சை அங்கி மாட்டி விட்டிருந்தாங்க. கட்டில் விளிம்புல காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. காதுல மூக்குல எல்லாத்தையும் கழட்டிட்டதால முகம் யாரோ முகம் மாதிரி இருந்துச்சு. கழட்டினதையெல்லாம் கைக்குட்டையில முடிஞ்சு மீன்காரப் பொண்ணு தன் இடுப்புல சொருகியிருந்துச்சு. என்னைப் பாத்ததும் அக்கா, "வந்துட்டியா"ன்னா. நான் அவ கையைப் பிடிச்சேன். ஜில்லுன்னு இருந்துச்சு.

அப்பதான் நர்ஸம்மா வந்தாங்க. கையில கேஸ் ஷீட்டு. எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாங்க. "பேஷண்டோட ஒரு ஆளுதான் இருக்கலாம். இன்னொருத்தர் கெளம்புங்க. கையெழுத்து போட, ராத்திரி தங்க, கூப்பிட்ட நேரத்துக்கு ஓடி வர, சொந்தக்காரங்களா ஒருத்தர் வேணும். யாரு சொந்தம்?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையில இருந்து தன் கையை உருவிக்கிட்டா. வெடுக்குன்னு உருவல, மெதுவாதான். உருவி அந்தப் பொண்ணோட மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

"இதோ, இவதான். எந்தங்கச்சி."

"அப்ப இவங்க?"

அக்கா என்னைப் பாத்தா. அவ கண்ணுல கோவமே இல்ல, கத்திக்குப் போறவளுக்கு இருக்கிற பயம் மட்டும்தான் இருந்துச்சு.

"இவங்க காலேஜ் டீச்சரு. தெரிஞ்சவங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்துகீறாங்க."

எங்க அக்கா எனக்கு மரியாதை குடுத்துப் பேசினது அன்னிக்குத்தான். அந்தப் பொண்ணு பதறிப் போய் என்னமோ சொல்ல வந்துச்சு. அக்கா அது கையை இன்னும் அழுத்திப் பிடிச்சதும் பேசாம இருந்துடுச்சு.

நர்ஸம்மா என் பக்கம் திரும்பினாங்க. "அப்படியா மேடம்?"

பக்கத்துக் கட்டில்காரங்க கூடத் திரும்பிப் பாத்தாங்க. நான் ஆமாம்னு தலையாட்டிட்டு, இட்லி டப்பாவையும் ஃப்ளாஸ்க்கையும் அவ தங்கச்சி கையில குடுத்துட்டு வெளிய வந்தேன்.